அஞ்சு செஷன் ஆச்சு, தெரபிஸ்ட் ஒரு யோசனையும் சொல்லல. ஆளை மாத்தணுமா?

ஈரக்குடை
ஞாயிறு, இரவு 11.20

கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ஒன்றரை வருஷம் முன்னாடி எங்க கார் ஒரு லாரியோட பின்பக்கம் போய் மோதிச்சு. ஓட்டினது என் கணவர். எனக்குக் காலர் எலும்பு விட்டுப்போச்சு, அவருக்கு நெத்தியில நாலு தையல். அவ்ளோதான். ஆறேழு மாசம் எனக்கு ஒண்ணுமே இல்ல, ஆபீஸ், வீடுன்னு ஓடிச்சு. அதுக்கப்புறம்தான் ஆரம்பம். முன் சீட்டுல உட்கார்ந்தா வலது கால் தானா தரையை அழுத்தும், அங்க பிரேக் இருக்கற மாதிரி. பக்கத்துல பெரிய வண்டி வந்தா உள்ளங்கை வேர்த்துடும். ரெண்டு தடவை மூச்சு நின்னுடும்போல ஆகி, ராத்திரியில எமர்ஜென்சிக்கு ஓடி, ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு "ஹார்ட் நல்லா இருக்கு, டென்ஷன்தான்"னு அனுப்பிட்டாங்க.

இதுல வீட்டுச் சண்டை தனி. நான் விபத்துன்னு வாயைத் திறந்தாலே அவர் "முடிஞ்சுபோனதை ஏன் கிளறுற"ன்னு எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவார். நான் பின்னாடியே போய்ப் பேசுவேன். அவர் இன்னும் இறுகிடுவார். பிரிஞ்சிடலாமான்னு நினைக்கற அளவுக்கு வந்தாச்சு.

ஒரு உளவியலாளர்கிட்ட போக ஆரம்பிச்சேன். 50 நிமிஷ செஷன், வாரம் ஒண்ணு. முதல் ரெண்டு செஷன் முழுக்கக் கேள்வி. மூணாவதுல ரெண்டு தாள் கொடுத்து டிக் பண்ணச் சொன்னாங்க. நாலாவதுல கண்ணை மூடாம சுத்தி இருக்கற பொருளைப் பார்த்துப் பேர் சொல்ற மாதிரி ஒரு பயிற்சி. அஞ்சாவதுல பொறுமை போய் நேராவே கேட்டேன், "நான் இவரோட இருக்கணுமா வேண்டாமா, நீங்க என்ன நினைக்கறீங்க?" அதுக்கு அவங்க, "அந்த முடிவை நான் எடுத்துக் கொடுத்தா அது உங்களுக்கு உதவாது"ங்கறாங்க. சரி, அவரையும் அழைச்சிட்டு வரவான்னா, "தம்பதிகளுக்கான தெரபியை வேற ஒருத்தர் செய்யறதுதான் நல்லது"ங்கறாங்க. விபத்தைப் பத்தி விவரமாச் சொல்லப்போனா, "இப்போ தலைப்பு மட்டும் போதும்"னு நிறுத்திடறாங்க.

அப்போ எதுக்குத்தான் போறேன்? இது இப்படித்தான் இருக்குமா, இல்ல ஆளை மாத்தணுமா?


ஒத்தையடிப்பாதை
ஞாயிறு, இரவு 11.52

ஈசிஜி எடுத்துட்டுத் திரும்பி வந்தவங்க சங்கத்துல நானும் ஒருத்தன் சகோ. மூணு தடவை. மூணாவது தடவை அந்த நர்சே என்னை ஞாபகம் வச்சிருந்தாங்க.

உங்க விபத்து விஷயம் எனக்குத் தெரியாது, பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு உடம்பையே உலுக்கற பயம், அதைப் பத்தி மட்டும் சொல்றேன். எனக்கும் முதல்ல கேள்விதான், தாள்தான். கடுப்பா இருந்தது. ஆனா ஆறாவது செஷன்ல என் தெரபிஸ்ட் என்னை ஆபீஸ் நாற்காலியில உட்காரவச்சு ஒரு நிமிஷம் சுத்தவிட்டார். அப்புறம் ஒரு மெல்லிய உறிஞ்சு குழாய் வழியா மட்டும் மூச்சு விடச் சொன்னார். தலை சுத்தல், நெஞ்சு இறுக்கம், கை மரத்துப்போறதுன்னு எனக்கு அட்டாக் வரும்போது என்னெல்லாம் வருமோ அத்தனையும் வந்தது. வந்துட்டு, தானாப் போயிடுச்சு. நான் சாகல.

அவர் விளக்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனாலதான் விரல் மரத்துப்போறதும் கிறுகிறுப்பும். அதை "ஹார்ட் அட்டாக்"னு நான் மொழிபெயர்க்கறேன். மொழிபெயர்த்ததும் இன்னும் பயம், இன்னும் வேகமா மூச்சு. 1986ல டேவிட் கிளார்க்னு ஒரு உளவியலாளர் இந்தச் சுழலைத்தான் எழுதி வச்சாராம். நான் எங்க போனாலும் ஒரு தண்ணி பாட்டிலும் பிபி மாத்திரையும் இல்லாம கிளம்ப மாட்டேன். அந்த பாட்டில்தான் என் வியாதியைக் காப்பாத்திட்டு இருந்ததுன்னு அவர் சொன்னப்போ சண்டையே போட்டேன். "பாட்டில் இருந்ததாலதான் பொழச்சேன்"னு மூளை கணக்கு எழுதிக்கும், பாட்டில் இல்லாமலும் பொழைப்போம்னு அதுக்குத் தெரியவே வராது. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கு ஒப்புக்க முடிஞ்சது.

அஞ்சு செஷன் கம்மி. இன்னும் கொஞ்சம் பாருங்க.


கறார்பேர்வழி
திங்கள், காலை 7.05

யாரும் கோவிச்சுக்காதீங்க. இதுல பாதி வியாபாரம். பேசறதுக்கு ஒரு நல்ல சிநேகிதி இருந்தா போதாதா? காசு வாங்கிட்டு "உங்களுக்கு எப்படி இருந்தது"ன்னு கேக்கறதுக்கு ஒருத்தர், தலையாட்டறதுக்கு ஒருத்தர். அஞ்சு மணி நேரம் பேசி ஒரு யோசனை கூட வரலைன்னா அது என்ன தொழில்? மெக்கானிக் இப்படிப் பண்ணினா சும்மா விடுவோமா?


நாற்காலிக்கு_எதிரே
திங்கள், மதியம் 1.40

நான் இதே தொழிலில் இருக்கிறேன், இருபது வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. ஈரக்குடைக்கு என்ன நோய் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பொதுவாக அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு தாள். ஒன்றில் ஏழு கேள்வி, இன்னொன்றில் இருபது இருந்திருந்தால், என் ஊகம் முதலாவது ஜிஏடி-7, இரண்டாவது பிசிஎல்-5. முன்னது கடந்த இரண்டு வாரப் பதற்றத்தை 21க்கு அளக்கும், பின்னது அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளை 80க்கு அளக்கும். இவை தீர்ப்பு அல்ல, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுத்து எண் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. தாளை ஒருமுறை வாங்கி ஃபைலில் போட்டு மூடிவிடுகிற ஆட்களும் எங்கள் தொழிலில் உண்டு. அது வீண்.

மெக்கானிக் உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது கறார் சார். ஆனால் நல்ல மெக்கானிக் பானட்டைத் திறக்காமலே பார்ட்ஸ் மாற்ற மாட்டார் இல்லையா? "வண்டியில் போக பயம்" என்று ஒரே வாக்கியத்தோடு வருகிற நான்கு பேருக்கு நான்கு வேறு பிரச்சினை இருக்கும். ஒருவருக்கு மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம், அதாவது பேனிக். ஒருவருக்கு விபத்தின் காட்சி திரும்பத் திரும்ப வருவது. ஒருவருக்கு எதைப் பற்றியும் ஓயாத கவலை, வண்டி அதில் ஒன்று. நான்காமவருக்குத் தைராய்டு கூடுதலாகச் சுரக்கும். நான்காமவருக்கு நான் எத்தனை செஷன் எடுத்தாலும் படபடப்பு நிற்காது, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இதைப் பிரித்தறியத்தான் முதல் சில வாரம்.

சிநேகிதி போதாதா என்பதற்கு: பல பேருக்குப் போதும். எல்லோரும் எங்களிடம் வர வேண்டியதில்லை. ஆனால் சிநேகிதி உங்கள் பக்கம் நிற்பாள், அவளால் வேறு எப்படியும் இருக்க முடியாது. "விட்டுட்டு வாடி" என்பாள், அல்லது "சகிச்சுக்கோடி" என்பாள். ஈரக்குடை கேட்ட கேள்விக்கு அந்த உளவியலாளர் பதில் சொல்லாதது அலட்சியம் இல்லை. அவர் "பிரிந்துவிடுங்கள்" என்றால் நாளைக்கு வருத்தம் வரும்போது அது அவருடைய முடிவாக இருக்கும். தவிர அவர் கேட்டிருப்பது ஒரு பக்கக் கதை. வன்முறை, மிரட்டல் இருந்தால் மட்டும் நாங்கள் இவ்வளவு நடுநிலை பேச மாட்டோம், பாதுகாப்பைப் பற்றி நேராகவே பேசுவோம்.

கணவரை ஏன் சேர்க்கவில்லை? ஐந்து வாரம் ஒருவரின் மனதுக்குள் போய்வந்த ஆள், ஆறாவது வாரம் நடுவில் உட்கார்ந்தால், வந்தவருக்கு "இவங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி" என்றுதான் தோன்றும். அது நியாயமான தோன்றலும்கூட. தம்பதிகளோடு வேலை செய்கிறவர்கள் முதல் நாளிலேயே, "தனியாக என்னிடம் சொன்ன ரகசியத்தை மற்றவரிடமிருந்து மறைத்து வைக்க மாட்டேன்" மாதிரி விதிகளைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். ஆளுக்கு ஒருமுறை தனியாகவும் பார்ப்பார்கள், முக்கியமாக அடி உதை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அது இருக்கிற வீட்டில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து மனம் திறக்கச் சொன்னால், திறந்ததற்கான விலையை அன்று இரவு ஒருவர் கொடுக்க வேண்டி வரும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து செஷன் முடிந்தும் "இதுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன், இதுதான் திட்டம், சுமார் இத்தனை வாரம்" என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை என்றால், அது அவர் தவறு. 1979ல் எட்வர்ட் போர்டின் என்பவர் தெரபி உறவுக்கு மூன்று கால் சொன்னார்: எங்கே போகிறோம் என்பதில் ஒப்புதல், எப்படிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், நடுவில் ஒரு பிணைப்பு. உங்களுக்கு முதல் இரண்டு கால் இல்லை. இங்கே எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு இது கேட்டுப் பழகின விஷயம். கேட்டதும் முகம் சுருங்குகிற ஆள் என்றால், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.


சுண்டுவிரல்
திங்கள், இரவு 9.15

நான் இதுல எதிர்ப்பக்கம். அதாவது, தெரபிக்குப் போனவங்களோட புருஷன்.

என் மனைவி போக ஆரம்பிச்ச புதுசுல, வீட்டுல யாரோ மூணாவது ஆள் உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும். வியாழக்கிழமை செஷன். அன்னிக்கு ராத்திரி அவ பேசற வார்த்தையே வேற. "நீங்க என்னை ஒதுக்கறீங்க", "எனக்கு எல்லை வேணும்". யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கத்தினேன். இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு.

அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட ரெண்டு பேரும் போனோம். அவர் எங்க சண்டையில யார் சரின்னு பார்க்கவே இல்ல. சண்டை எந்த வரிசையில நடக்குதுன்னு மட்டும் பலகையில எழுதினார். அவ துரத்துவா, நான் விலகுவேன். நான் விலகறதால அவ துரத்துவா, அவ துரத்தறதால நான் விலகுவேன். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன்னு ஒருத்தர் வருஷக்கணக்கா இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காராம், அவ்வளவு சகஜமான கூத்து. ஈரக்குடை எழுதினதுல "அடுத்த ரூம்", "பின்னாடியே போய்"னு படிச்சதும் எங்க வீட்டு ஹால் கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

இன்னொண்ணு. எழுந்து போற ஆம்பளைக்கு ஒண்ணும் உறைக்கலன்னு நினைக்காதீங்க. எனக்கு ஒரு தடவை விரல்ல பல்ஸ் பார்க்கற கருவியை மாட்டிட்டு எங்க வழக்கமான சண்டையைப் பேசச் சொன்னார். வெளியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். பல்ஸ் 112. ஜான் காட்மன்ங்கற ஆய்வாளர் 100ஐத் தாண்டிட்டா காது கேக்கறது கூட மூளைக்குப் போகாது, பேச்சை நிறுத்திட்டு குறைஞ்சது 20 நிமிஷமாவது விலகியிருங்கன்னு சொல்றாராம். நாங்க இப்ப "20 நிமிஷம்"னு சொல்லிட்டுத்தான் எழுந்து போவோம். சொல்லாம எழுந்து போறதுக்கும் சொல்லிட்டு எழுந்து போறதுக்கும் அவ்வளவு வித்தியாசம். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரணும், அது ரொம்ப முக்கியம்.


நூல்கண்டு
திங்கள், இரவு 11.30

விபத்தைப் பத்திப் பேச விடலன்னு குறைப்பட்டிருக்கீங்க. எனக்கு நடந்தது அதுக்கு நேர்மாறு, அதைக் கேளுங்க.

என்ன நடந்ததுன்னு இங்க எழுதப்போறதில்ல. சின்ன வயசு விஷயம். முதல் செஷன்லயே அந்த ஆள், "எல்லாத்தையும் கொட்டிடுங்க, அப்பதான் ஆறும்"னார். நம்பிக் கொட்டினேன். நேரம் முடிஞ்சதும் "அடுத்த வாரம் பார்க்கலாம்"னு எழுந்துட்டார். நான் படிக்கட்டுல உட்கார்ந்து நடுங்கிட்டு இருந்தேன். ஒன்பது நாள் தூக்கம் இல்ல. திரும்பப் போகவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு அம்மாகிட்ட போனப்போதான் அவங்க, "முதல்ல உங்க தரை உறுதியா இருக்கணும், அப்புறம்தான் தோண்டணும்"னு சொன்னாங்க. ஜூடித் ஹெர்மன் 1992ல எழுதின மூணு கட்டத்தை வச்சுத்தான் அவங்க வேலை செஞ்சாங்க: முதல்ல பாதுகாப்பு, அப்புறம் நினைவும் துக்கமும், அப்புறம் வாழ்க்கையோட திரும்பச் சேர்றது. பொருளுக்குப் பேர் சொல்ற பயிற்சி எனக்கும் கொடுத்தாங்க. அது சும்மா இல்ல ஈரக்குடை. நினைவு இழுத்துட்டுப் போகும்போது இந்த அறைக்குத் திரும்பி வர்றதுக்கான கயிறு அது.


கறார்பேர்வழி
செவ்வாய், காலை 6.50

நூல்கண்டு, உங்களுக்கு நடந்தது கொடுமை. என் பாயிண்ட்டும் அதுதான், இதுல ஆபத்தும் இருக்குன்னு யாரும் விளம்பரத்துல போடறதில்ல.

அப்புறம் என் தங்கச்சிக்கு ஒருத்தர் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணால பின்தொடரச் சொல்லி ட்ரீட்மென்ட் கொடுத்தாராம். மந்திரிக்கற மாதிரி இருக்கே, இதுவும் விஞ்ஞானமா?


நாற்காலிக்கு_எதிரே
செவ்வாய், மதியம் 2.10

கறார் சார், இந்த முறை உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். தெரபிக்கு வருகிறவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் வந்ததைவிட மோசமாகிப் போகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற கணக்கு. மைக்கேல் லாம்பர்ட் என்பவர் இதிலேயே நிறைய வேலை செய்தவர். ஒவ்வொரு செஷனிலும் எப்படி இருக்கிறது என்று எண்ணாக அளந்து பார்த்தால், சறுக்குகிறவர்களை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று காட்டினார். எங்கள் உள்ளுணர்வு இதில் நம்பகமானது இல்லை. நன்றாகப் போகிறது என்று நாங்கள் நினைக்கிற ஆள்தான் அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவார்.

விரலாட்டுகிற விஷயம் இஎம்டிஆர். 1987ல் ஃபிரான்சின் ஷபிரோ ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தன் கண் அசைவோடு மனத்தொல்லை குறைவதைக் கவனித்தார் என்பது கதை. 1989ல் முதல் ஆய்வு வந்தது. மந்திரம் மாதிரிதான் தெரியும், எனக்கும் தெரிந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013ல் பிடிஎஸ்டிக்கு, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்புக்கு, பரிந்துரைத்த இரண்டு பேச்சு சிகிச்சைகளில் இதுவும் ஒன்று, மற்றது அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற சிகிச்சை. வேலை செய்கிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை. நினைவை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்யும்போது மூளைக்கு இடம் போதாமல் அந்த நினைவின் காரம் குறைகிறது என்பது ஒரு விளக்கம். நினைவை நேருக்கு நேர் சந்திப்பதுதான் மருந்து, கண் அசைவு வெறும் அலங்காரம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இஎம்டிஆர் பயிற்சி எடுத்தவள், இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் காது கொடுப்பவள்.

நூல்கண்டு, உங்கள் முதல் அனுபவத்துக்காக இந்தத் தொழிலின் சார்பில் வெட்கப்படுகிறேன். "கொட்டினால் ஆறிவிடும்" என்பது பிடிவாதமான மூடநம்பிக்கை, எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது. பேரிடர் நடந்த மறுநாளே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே செஷனில் விவரமாகச் சொல்லவைப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. ஆய்வு செய்து பார்த்தால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல். இப்போது அதைச் செய்யாதீர்கள் என்றுதான் வழிகாட்டிகள் சொல்கின்றன.

ஆனால் இன்னொரு ஓரமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். "இன்னும் தயாராகல, இன்னும் தயாராகல" என்று ஒன்றரை வருடம் மூச்சுப்பயிற்சி மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பது. வந்தவருக்குப் பயம், எனவே பேச்சு நகராது. எங்களுக்கும் பயம், அவர் அழுதால் என்ன செய்வது என்று. இருவரும் சேர்ந்து அந்த நினைவைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருப்போம், அதற்குப் பெயர் மரியாதையாக "நிலைப்படுத்தல்". நூல்கண்டுக்கு நடந்தது போன்ற, சிறு வயதில் நீண்டகாலம் நடந்த விஷயத்துக்கு முன்தயாரிப்பு எவ்வளவு வேண்டும் என்பது எங்களுக்குள்ளேயே முடியாத வழக்கு. ஒரே ஒரு விபத்து, மற்றபடி வாழ்க்கை நிலையாக இருக்கிறது என்றால் பொதுவாக அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பெட்ரிசியா ரெசிக் உருவாக்கிய சிபிடி வகை 12 செஷன். ஈட்னா ஃபோவா உருவாக்கியது 8 முதல் 15, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். இரண்டிலும் மூன்றாவது நான்காவது வாரத்துக்குள் விஷயத்துக்குள் இறங்கியிருப்பார்கள்.


ஒத்தையடிப்பாதை
செவ்வாய், மாலை 6.30

மேடம், ஒரு சந்தேகம். மாத்திரை? எனக்கு அவசரத்துக்குப் போட்டுக்கச் சொல்லி ஒண்ணு கொடுத்தாங்க, அது போட்டா அரை மணியில அமைதி. அதையும் தெரபிஸ்ட் பாட்டில் கணக்குலதான் சேர்த்தார்.


நாற்காலிக்கு_எதிரே
செவ்வாய், இரவு 8.05

மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, பெரும்பாலான இடங்களில் உளவியலாளர் எழுத முடியாது. அதனால் உங்கள் மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். பொதுவாக: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் போடுகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், தெரபியோடு சேர்ந்து போகும். அரை மணியில் அமைதி தருகிற பென்சோ வகை வேறு. பழக்கமாகும், பயத்தை நேரில் சந்தித்துக் கற்றுக்கொள்ள வேண்டியதையும் மங்கச் செய்யலாம். உங்கள் தெரபிஸ்ட் சொன்னதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது நல்லது, உங்கள் சம்மதத்தோடு.


ஈரக்குடை
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 10.45

எல்லாருக்கும் நன்றி. பதில் போடாம காணாமப் போனதுக்கு மன்னிக்கணும்.

போனேன். இந்த இழையை ஃபோன்லயே திறந்து, முதல் பதிவை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். கை நடுங்கிச்சு. அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ரெண்டாவது வாரமே உங்களுக்கு வரைஞ்சு காட்டியிருக்கணும், என் மனசுல இருந்தது, உங்க கையில தரல"ன்னாங்க. அன்னிக்கே ஒரு தாள்ல வரைஞ்சாங்க. நடுவுல விபத்து, அதைச் சுத்தி நான் செய்யற ஒவ்வொண்ணும். காலை அழுத்தறது, "மெதுவா மெதுவா"ன்னு சொல்லிட்டே வர்றது, அந்த ரோட்டைத் தவிர்க்கறது, ராத்திரியில விபத்துச் செய்தியாத் தேடித் தேடிப் படிக்கறது. அந்தக் கடைசி ஒண்ணை நான் அவங்ககிட்ட சொன்னதே மறந்துபோச்சு. ஆறு மாசம் கழிச்சு ஆரம்பிக்கறதும் நடக்கக்கூடியதுதான்னாங்க, நான் நடிக்கறேனோன்னு எனக்கே இருந்த சந்தேகம் அதுல போச்சு.

இப்ப ஒரு ஏணி இருக்கு. ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு பயம்னு 0லருந்து 100 வரை மார்க். நிறுத்தின கார்ல முன் சீட்டுல உட்கார்றது 35. கால் ரெண்டையும் சீட்டு மேல மடக்கிட்டு நம்ம தெருவைச் சுத்தறது 60. விபத்து நடந்த அந்தத் திருப்பம் 95. முதல் படியில நாலு நாள் உட்கார்ந்தேன், 35 அங்கேயே 15 ஆச்சு. ரெண்டாவது படியில முதல் நாள் 60 போட்டது 80 ஆயிடுச்சு, இறங்கி அழுதேன். அவங்க, அது தோல்வி இல்ல, படி உயரமா வச்சுட்டோம்னு நடுவுல இன்னொரு படி போட்டுக் கொடுத்தாங்க.

விபத்தைப் பத்தியும் பேசினேன். கண்ணைத் திறந்துட்டு, நிகழ்காலத்துல சொல்லச் சொன்னாங்க, ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணாவது தடவை சொல்லும்போது இதுவரைக்கும் ஞாபகத்துல இல்லாத ஒண்ணு வந்தது. மோதறதுக்கு முன்னாடி அவர் இடது கையை நீட்டி என் நெஞ்சுமேல வச்சுத் தடுத்தார். ஸ்டியரிங்ல ஒரு கை, என்மேல ஒரு கை.


சுண்டுவிரல்
வெள்ளி, இரவு 11.10

படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல.

அவர்கிட்ட சொன்னீங்களா?


கறார்பேர்வழி
சனி, காலை 6.40

கேக்கறதுக்கு மன்னிக்கணும் தோழி. ஒன்றரை வருஷம் இல்லாத ஞாபகம் இப்ப வருதுன்னா அது நிஜம்தான்னு எப்படித் தெரியும்? தெரபியில பொய்யான ஞாபகம் உண்டாக்கறதைப் பத்திப் படிச்சிருக்கேன்.


நாற்காலிக்கு_எதிரே
சனி, காலை 10.20

கேள்வி முறையானதுதான். எலிசபெத் லாஃப்டஸ் 1990களில் செய்த சோதனைகளில், சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லிக் கேட்டபோது, பங்கேற்றவர்களில் சுமார் கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". அதனால்தான் "உனக்கு இப்படி நடந்திருக்கணும், மறந்துட்டே" என்று ஊகத்தை விதைக்கிற தெரபிஸ்டிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். ஆனால் நடந்தது உறுதியான ஒரு சம்பவத்தை, யாரும் எதையும் எடுத்துக்கொடுக்காமல், திரும்பத் திரும்பச் சொல்லும்போது விட்டுப்போன துண்டு வருவது வேறு. அதுவும் ஒளிப்பதிவு இல்லைதான். இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது, கேட்டுப்பார்க்க இன்னொரு சாட்சி வீட்டிலேயே இருக்கிறார்.


ஈரக்குடை
ஞாயிறு, மாலை 5.55

கேட்டேன்.

உளவியலாளரே ஒரு செஷனுக்கு அவரை வரச் சொல்லியிருந்தாங்க. தம்பதி தெரபி இல்ல, எனக்கு என்ன நடக்குதுன்னு விளக்கறதுக்கு மட்டும்னு தெளிவாச் சொல்லித்தான். "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது"ன்னு அவர் சொல்லிட்டே இருக்கறதும் என் தண்ணி பாட்டில்தான்னு புரியவச்சாங்க. (ஒத்தையடிப்பாதை, உங்க பாட்டில் இப்ப எங்க வீட்டுலயும் பழமொழி ஆயிடுச்சு.) அதுக்குப் பதிலா "இப்ப எத்தனை மார்க்"னு கேளுங்கன்னாங்க.

கையை நீட்டினதை வீட்டுக்கு வந்தப்புறம்தான் கேட்டேன். கார் நிறுத்தியிருந்தது, நான் முன் சீட்டு, அவர் ஓட்டற சீட்டு. "ஆமா"ன்னார். ரொம்ப நேரம் கழிச்சு, "அந்தக் கை ஸ்டியரிங்ல இருந்திருந்தா திருப்பியிருப்பேன்"னார். ஒன்றரை வருஷமா இவர் இதைத்தான் அடுத்த ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டு இருந்திருக்கார். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாராம், எனக்குத் தெரியவே தெரியாது. நான் தூங்கற மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டு இருந்திருக்கேன்.

பிரியறதா வேண்டாமாங்கறதை நான் இப்ப கேட்டுக்கறதில்ல, முடிவு பண்ணிட்டேன்னும் இல்ல. நேத்தும் சண்டைதான். ஆனா "20 நிமிஷம்"னு சொல்லிட்டுப் போய் 35 நிமிஷத்துல வந்தார்.

அவரும் தனியா ஒருத்தரைப் பார்க்கணும்னு என் உளவியலாளர் சொல்றாங்க, அவங்களே பார்க்க மாட்டாங்களாம். இவர் பிடி கொடுக்க மாட்டேங்கறார். ஒருத்தரை ஃபோன்ல கூப்பிட்டா என்ன கேக்கறதுன்னே தெரியலைங்கறது அவரோட இப்போதைய சாக்கு.


நாற்காலிக்கு_எதிரே
ஞாயிறு, இரவு 7.30

சாக்கு இல்லை, உண்மையிலேயே பலருக்குத் தெரியாது. என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். விபத்துக்குப் பிந்தைய பிரச்சினைகளில் எந்த முறையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்கட்டும். "எல்லா முறையும் கலந்து" என்று மட்டும் பதில் வந்தால், அதில் எது எனக்கு, ஏன் என்று அடுத்த கேள்வி. முன்னேறுகிறதா என்று எப்படி அளப்பீர்கள்? நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள்? இதற்கு யாராவது "ஒருபோதும் சொல்ல மாட்டேன்" என்றால் அது தவறான பதில். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு என்று விதிவிலக்குகள் இருக்கின்றன, அதை முதலிலேயே சொல்கிறவரை நம்பலாம்.

தூக்கமில்லாமல் எழுந்து உட்கார்கிறவரிடம் சாகத் தோன்றுகிறதா என்று நீங்களே நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ஆம் என்று பதில் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசர உதவிக்குப் போக வேண்டும்.


ஈரக்குடை
ஞாயிறு, இரவு 9.40

கேட்டேன். இல்லைன்னார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நீங்க எழுதினதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கேன், அடுத்த ரூமுக்கு. ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. பதில் இன்னும் வரல.